கலைவிழாவும் ஏலமும்

கலை மக்களுக்காகவே என்பது நாம் நெடுங்காலமாகச் சொல்லி வரும் கொள்கை. ஆனால் அக்கலையை மக்கள்முன் கொண்டுவருவதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வரவேண்டும் என்னும் வினாவை நாம் அத்துணை ஊன்றிக் கேட்பதில்லை. பந்தலுக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும், ஆடிக் களைத்த கூத்தர்க்கு ஒருவேளைச் சோற்றுக்கும் பணம் வேண்டும். அப்பணம் வரும் வழி விழாவின் இயல்பை மாற்றுமா? இது வரவு செலவு பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவுமாகும்.

கந்தப்பளையை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவுக்கு அண்மையில், தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர். இங்கே காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும், தப்பொலியும், நம் இளைஞர் வரைந்த ஓவியங்களும் ஒருங்கே இடம்பெறும் சிறு கலைவிழா ஒன்றை நடத்த விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். செலவுக்கு வழி யாது? ஓவியங்களை ஏலத்தில் விடலாம் என்று சிலர் யோசனை கூறுவர். உலகெங்கும் இன்று இவ்வழி கையாளப்படுகிறது. 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் கேரளம் சிதைந்தபோது, 2019 ஜனவரியில் கொச்சியில் ஓவிய ஏலம் நடத்தி நிதி திரட்டினர். கந்தப்பளையிலும் வாங்குவோர்க்குப் பஞ்சமில்லை. பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது முதல், உலகின் பல திசைகளிலிருந்தும் விருந்தினர் வந்து தங்கிச் செல்கின்றனர்.

ஆயினும் 'ஏலம்' என்ற சொல் மலையகத்தார் செவியில் இனிமையாக ஒலிப்பதில்லை. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் நடைபெற்றது. அன்று தொடங்கி இன்றுவரை, நம் பெண்கள் பனியில் நனைந்து பறித்த கொழுந்தின் விலை அவர்கள் காணாத ஓரிடத்தில் கூறப்பட்டு வருகிறது. 2020ஆம் ஆண்டு முதல் அது கணினி வழியே நடக்கிறது. முன்பு கூடம் தொலைவில் இருந்தது, இப்போது கூடமே இல்லை. அங்கே விலை ஏறினாலும் செக்ரோலில் சம்பளம் தானாக ஏறிவிடுவதில்லை. நாட்சம்பளம் 1000 ரூபா என்னும் கோரிக்கை, ஆண்டுகள் பல போராடிய பின்னர், 2021ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. உழைத்தவன் வாய் திறக்க இயலாத இடத்தில் அவன் உழைப்புக்கு விலை பேசும் முறையே நாமறிந்த ஏலம். அம்முறையையே நம் கலைக்கும் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

ஆனால் தமிழர் வாழ்வில் வேறொரு வகை ஏலமும் உண்டு. 2024ஆம் ஆண்டு, விழுப்புரம் மாவட்டத்து முருகன் கோயில் ஒன்றில், பங்குனி உத்திரத் திருவிழாவின்போது வேலில் செருகிய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2 இலட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயின. பழத்தின் மதிப்பு அதுவன்று என்பதைக் கொடுத்தவரும் அறிவர், கூடியிருந்த ஊராரும் அறிவர். நம்பிக்கையின் தன்மை பற்றி நாம் வாதிடலாம். எனினும் அதில் ஒரு நியதி இருக்கிறது. ஏலம் எடுத்தவர் பழத்தைக் கொண்டு செல்கிறார். கோயிலைக் கொண்டு செல்வதில்லை. ஏலம் தீதா நன்றா என்பது, பணம் கொடுத்தவர் எதனைக் கொண்டு செல்கிறார் என்பதைப் பொறுத்தது.

கலைவிழா ஏலத்தில் அவர் எதனைக் கொண்டு செல்வார்? ஓவியத்தோடு புகழையும் கொண்டு செல்வார். மேடையில் அவர் பெயர் முழங்கும், மாலை விழும், 'கலைப் புரவலர்' என்ற பட்டமும் கிட்டும். இத்தனைக்கும் அவர் கொடுத்த பணத்துக்கு ஈடாக ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டவர். கையிலிருந்ததை இழந்தவர் யார்? இலவசமாக ஓவியத்தைக் கொடுத்த ஓவியரே. வண்ணமும் துணியும் சட்டமும் அவர் பணத்தில் வாங்கியவை. வாரக்கணக்கான உழைப்பும் அவருடையது. உண்மைக் கொடையாளி அவராயிருக்க, அவர் பெயரைக் கேட்பாரில்லை.

பிரெஞ்சு ஓவியர் மில்லே, வயலில் நின்று தொழும் ஏழை உழவர் இருவரைத் தீட்டிய 'ஆஞ்சலஸ்' ஓவியத்தைச் சுமார் 1000 பிராங்குக்கு விற்றார். அவர் 1875ஆம் ஆண்டு மறைந்தார். 1889ஆம் ஆண்டு பாரிஸ் ஏலத்தில் அதே ஓவியம் 5 இலட்சத்து 53 ஆயிரம் பிராங்குக்குப் போயிற்று. வரைந்தவர் குடும்பத்துக்கோ, வரையப்பட்ட உழவர்க்கோ அதில் காசில்லை. இத்தகைய அநீதிகள் மனத்தை உறுத்தியதன் விளைவாகவே, மறுவிற்பனையில் கலைஞர்க்குப் பங்கு உண்டு என்னும் சட்டம் 1920ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்தது.

இன்னொரு கேடும் உண்டு. விலை பேசுவோர் சுவைக்கேற்பத் தூரிகை வளையத் தொடங்கும். கூடை சுமந்து புன்னகை பூக்கும் பெண் நல்ல விலைக்குப் போவாள்; அட்டை கடித்துக் குருதி வழியும் கால் போகாது; ஒழுகும் லயக்கூரையும் போகாது. இதனை முன்னுணர்ந்தவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். 1966ஆம் ஆண்டு சென்னைக்கருகே அவர் தலைமையில் சோழமண்டலம் அமைத்த கலைஞர்கள், பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்று வயிற்றைக் கழுவினர். ஓவியத்தைத் தம் மனம்போல் தீட்டினர்.

தோட்டத்தில் கூத்துக்குப் பணம் திரட்டும் முறை வேறு. லயம் லயமாகச் சென்று வீட்டுக்கு இவ்வளவு என்று வரி எடுப்பர். அதனால் காமன் பொட்டலில் கூடும் ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டு. இரதியாக வந்தவன் அடி தவறினால் மறுநாட் காலைப் பெரட்டுக்களத்திலேயே அவனைக் கேட்டுவிடுவர். 2015ஆம் ஆண்டு சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவ மக்களோடு பாடகர் டி. எம். கிருஷ்ணா முதலியோர் தொடங்கிய கலைவிழாவும், பெருநிறுவனங்களின் விளம்பரத்தை நாடாமல், பலர் கொடுத்த சிறு தொகைகளாலேயே நடந்தது.

அவ்வாறாயின் வரியே போதுமே, ஏலம் எதற்கு என்பார் உளர். அரை வயிற்றுச் சம்பளக்காரரிடம் முழுச் செலவையும் சுமத்துவதும் அறமாகாது. எனவே வரி, எவராலும் கொடுக்கத்தக்க சிறு தொகையாய் இருக்கட்டும். அது உரிமையை நாட்டுவதற்கு. எஞ்சிய செலவை ஏலம் நிரப்பட்டும். ஆனால் விலையில் ஒரு பங்கு ஓவியர்க்குச் சேரவேண்டும். ஓவியங்கள் விடுதிக்குச் செல்லுமுன் தோட்டத்துப் பள்ளியிலே வைக்கப்பட்டு, அவற்றில் வரையப்பட்டவர்கள் முதலில் காணவேண்டும். ஏலம் எடுத்தவர்க்கு நன்றி உண்டு; முதல் மரியாதை இல்லை. விழாவின் இறுதி நாள், வரி கொடுத்த மக்கள் நடுவே வரவு செலவு உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

கொழுந்தின் விலையைக் கேட்கும் உரிமையை நம் மக்கள் இன்னும் பெறவில்லை. தம் விழாவின் கணக்கையேனும் அவர்கள் கேட்கட்டும். அவ்வாறு கேட்டுப் பழகியவர்கள் மற்றக் கணக்குகளையும் கேட்கத் தொடங்குவர்.