மாட்டாஸ்பத்திரிக்கு நாயையும் கூட்டிப் போங்கள்

மலையூரான ஜமுனாமரத்தூருக்குச் சுற்றிப்பார்க்க வருபவர்களே, பீமன் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், சாமைக் கொல்லையோரம் ஓடியாடும் நாய்க்குட்டியைக் கண்டு மனம் இளகி, காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். உரியவரிடம் கேட்டு வாங்கினாலும் எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டுதான் அது கற்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம்வரை எந்த மனிதர்களோடும் ஓசைகளோடும் பழகுகிறதோ, அவற்றிடம்தான் பின்னாளில் அச்சமின்றி இருக்கும். ஆடும் நாலு வீடும் மட்டுமே கண்டு வளர்ந்த ஐந்து மாதக் குட்டி, நகரத்து ஹாரன் சத்தத்தில் கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டு உறுமினால் அது திமிர் அல்ல, பயம். வாங்குவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி போட்டதும் எழுந்து வந்துவிடாமல், இந்தக் குட்டி நம் வீட்டுக்குப் பொருந்துமா, பிள்ளைகளோடு எப்படிப் பழக்குவது என்று கேளுங்கள்.

மலைக்காரர்களே, ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். நாய் உறுமினால் மட்டும் ஏன் கம்பைத் தேடுகிறீர்கள்? நேற்றுவரை சாதுவாக இருந்தது இன்று பல்லைக் காட்டினால், காதில் சீழ் இருக்கலாம், மூட்டில் வலி இருக்கலாம். அடித்தால் உறுமலை நிறுத்திவிடும், வலி நிற்காது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். திடீர் குணமாற்றம் வெறிநோயாகவும் இருக்கலாம் என்பதால், தொடாமல் விலகி நின்று மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சுண்ணாம்பும் மிளகாயும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குக் கிளம்புங்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

மருத்துவர்களே, வாசலில் கூட்டம் நிற்பது தெரியும். இருந்தாலும் எங்கே படுக்கிறது, யார் சோறு போடுகிறார்கள், எப்போது முதன்முதலில் உறுமியது என்று மூன்று கேள்வி கேட்க இரண்டு நிமிடம் போதும்.

வளர்க்க முடியவில்லை என்று நாயை மலைப்பாதையில் இறக்கிவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக்கும் அது கேடு: 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களைக் கொன்று குவித்தது வீட்டுநாய்களிடமிருந்து பரவியதாகக் கருதப்படும் டிஸ்டெம்பர் நோய். வளர்க்க முடியாவிட்டால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்; நாய் தேடும் வீடு அவருக்குத் தெரிந்திருக்கும். வாங்க வருபவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கடித்ததுண்டு என்றால் கடித்ததுண்டு என்றே சொல்லுங்கள்.