நிஷாபூர்க் களிமண்

ஹிஜ்ரி 506ஆம் ஆண்டு, அதாவது 1112க்கும் 1113க்கும் இடையில், பல்க் நகரத்து அடிமை வணிகர் தெருவில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் சிலர் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் உமர் கய்யாம். பேச்சோடு பேச்சாக அவர், மரங்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை பூவுதிர்க்கும் இடத்தில் தன் கல்லறை அமையும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த நிஜாமி அரூஸிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கய்யாம் வெறும் பேச்சுப் பேசுகிறவர் அல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஹிஜ்ரி 530இல் அவர் நிஷாபூருக்குப் போகிறார். கய்யாம் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இடம் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு ஹீரா இடுகாட்டுக்குப் போனால், ஒரு தோட்டத்து மதிலோரம் கல்லறை. மதிலுக்கு மேலே பேரி மரமும் பீச் மரமும் தலைநீட்டி, கல்லறையே தெரியாதபடி பூவைக் கொட்டியிருக்கின்றன. பல்க்கில் கேட்ட சொல் நினைவுக்கு வர அங்கேயே அழுதேன் என்று தன் 'சஹார் மகாலா' நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் குறிப்பை நான் திரும்பத் திரும்ப வாசிப்பது பூவுக்காக அல்ல, மதிலுக்காக. மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் வேறு யாருடையதோ. மரத்தை வைத்தவர் கய்யாமை மனத்தில் வைத்து நட்டிருக்க மாட்டார். மாலிக் ஷாவின் அரசவையில் ஆண்டின் நீளத்தை அளந்து, 1079இல் ஜலாலி நாட்காட்டி நடைமுறைக்கு வரக் காரணமானவர்களில் ஒருவர் கய்யாம். அவர் கோபுரம் கேட்கவில்லை, விளக்கு கேட்கவில்லை. தன் நினைவைப் பருவத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இறந்தவர் மண்ணோடு மண்ணாகிவிட்டால், நாம் நினைப்பது அவரைப் போய்ச் சேருமா? சேராது என்றால் யாருக்காக நினைக்கிறோம்? பாரசீகப் புலவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் அதற்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. மண், புல், குடம், செங்கல் என்று கையில் எடுத்துக் கொடுத்தார்கள்.

தமிழில் பலருக்கும் கய்யாமைக் காட்டிக் கொடுத்தவர் கவிமணி. கவிமணி கையில் இருந்தது ஃபிட்ஸ்ஜெரால்டு 1859இல் வெளியிட்டதன் வழி வந்த ஆங்கில வடிவம். மர நிழலும் மதுக் கிண்ணமும் பக்கத்தில் காதலியும் இருக்கும் படம் அப்படித்தான் நம் மனத்தில் ஊன்றியது. நாளை சாகப்போகிறோம், இன்றைக்கு அனுபவி என்று சொன்ன ஆள் என்று அவரை எடை போட்டு முடித்துவிட்டோம். டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் மாலை வகுப்பில் பாரசீகம் படித்து, அந்த நாலடிப் பாடல்களை எழுத்துக்கூட்டி வாசித்தபோது எனக்கு முன்னால் வந்து நின்றது கிண்ணம் அல்ல, கிண்ணம் வனைகிறவன்.

அவனை எனக்குத் தெரியும். மானாமதுரையில் மண்பாண்டம் வனையும் குடும்பத்தில் பிறந்தவள் நான். கண்மாயிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் மண்ணை வெயிலில் காயப்போட்டு, கட்டி உடைத்து, ஊறவைத்து, மணல் கலந்து காலால் மிதிப்போம். மிதிக்கிறபோது குதிகால்தான் கண். கல்லோ வேரோ நத்தைக் கூடோ தட்டுப்பட்டால் குனிந்து எடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டாலும் சூளையில் பானை வெடித்துவிடும். சில நேரம் பழைய ஓட்டுச் சில்லு கிடைக்கும், விளிம்பில் விரல் தடம் பதிந்ததாக. கல்லையும் வேரையும் வீசியெறியும் அப்பா, சில்லை மட்டும் சுவரோரம் ஒதுக்கி வைப்பார். "நம்மள மாதிரி ஒருத்தன் வனைஞ்சது. கால்ல படாம வை" என்பார். சாமி கும்பிடுகிற குரலில் அல்ல, வேலை சொல்கிற குரலில்.

கய்யாம் பேரில் வழங்கும் பாடல் ஒன்றில், குயவனின் காலடியில் கிடக்கும் களிமண் அவனிடம் பேசுகிறது. நானும் ஒரு காலத்தில் உன்னைப் போல் இருந்தவன்தான், கொஞ்சம் மெதுவாக மிதி என்பது அதன் வேண்டுகோள். வேறொன்றில் குடத்தின் கைப்பிடி, முன்பு ஒருத்தியின் கழுத்தைச் சுற்றியிருந்த கை. இன்னொன்றில் ஓடைக்கரைப் புல், அழகான ஒரு முகத்திலிருந்து முளைத்தது, அதனால் பார்த்துக் கால் வைக்க வேண்டியது. இவை சாவைச் சொல்லி நம்மை மிரட்டவில்லை. உலகத்தை வெறுத்து ஒதுங்கச் சொல்லவும் இல்லை. காலுக்கும் கைக்கும் ஒரு பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்கின்றன. நிலையாமையைப் பேசும் பாட்டு பற்றை அறுக்கத்தான் வேண்டும் என்று நினைத்து வளர்ந்த எனக்கு, அது பற்றின் தொடுகையை மென்மையாக்கவும் முடியும் என்று காட்டியவை இவை.

நிஷாபூர் குயவர்களின் ஊர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1935 முதல் 1940 வரையிலும், பிறகு 1947இலும் அங்கே தோண்டியபோது சூளைகளும் ஏராளமான பாண்டங்களும் வெளியே வந்தன. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தவை, வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பில் கூஃபி எழுத்து ஓடும் அகலக் கிண்ணங்கள். உடையவருக்கு வாழ்த்தும், பொறுமை, கொடை பற்றிய புத்திமதியும் விளிம்பைச் சுற்றி எழுதியிருக்கும். சோறு எடுக்க எடுக்கத்தான் எழுத்து முழுதாகத் தெரியும். இவை பெரும்பாலும் கய்யாம் பிறந்த 1048க்கு ஒரு தலைமுறை, இரு தலைமுறை முந்தியவை. ஆகவே மண் பேசுவதாக ஒரு நிஷாபூர்க்காரர் பாடினால் அதை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊரில் பாண்டம் நிஜமாகவே பேசியது. இந்தப் பாடல்களில் எத்தனை கய்யாமுடையவை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வேறு யாராவது பாடியிருந்தாலும் பட்டறையைப் பார்த்தவர் பாடியதுதான்.

கய்யாமை நாத்திகர் என்றவர்களும் உண்டு. மங்கோலியருக்குத் தப்பி அனத்தோலியாவுக்கு ஓடிவந்த சூஃபி நஜ்முத்தீன் ராஸி, 1223 வாக்கில் எழுதிய 'மிர்ஸாதுல் இபாத்' நூலில் கய்யாமின் இரண்டு நாலடிகளை எடுத்துக்காட்டி, வழி தவறிய தத்துவக்காரன் என்று கண்டிக்கிறார். அவற்றில் ஒன்று கேட்பது இதைத்தான்: செய்தவன் நன்றாகச் செய்தான் என்றால் ஏன் உடைக்கிறான், நன்றாக வரவில்லை என்றால் குறை யாருடையது? ராஸிக்கு இது தெய்வ நிந்தனை. எனக்கு இது சூளை பிரித்த அன்று எந்த வனைகிறவரும் கேட்கும் கேள்வி, அன்பில்லாதவரால் கேட்க முடியாத கேள்வி.

கய்யாமின் கடைசி நாளைப் பற்றி வரலாற்றாசிரியர் பைஹகி, கய்யாமின் மருமகன் சொன்னதாக எழுதியிருக்கிறார். இப்னு சீனாவின் 'ஷிஃபா'வில் ஒன்றும் பலவும் பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டிருந்தவர், தங்கப் பல்குத்தியைப் பக்கங்களுக்கு நடுவே வைத்து நூலை மூடினார். ஆட்களைக் கூப்பிட்டு இறுதி விருப்பத்தைச் சொன்னார். தொழுதார். இரவுத் தொழுகை வரை உண்ணவும் இல்லை, குடிக்கவும் இல்லை. பிறகு நெற்றியை மண்ணில் வைத்து, என்னால் இயன்ற அளவுக்கு உன்னை அறிந்தேன், மன்னித்துவிடு என்ற பொருளில் இறைவனிடம் சொல்லி உயிரை விட்டார். கேள்வி கேட்டவரும் நெற்றியை மண்ணில் வைத்தவரும் ஒரே ஆள் என்பதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

அரசர்களின் மண்ணைப் பாட வந்தவர் ஷிர்வானின் காகானி, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். ஹஜ் பயணத்தில் டைகிரிஸ் கரையில் மதாயினைப் பார்த்தார். சாசானிய அரண்மனையின் செங்கல் வளைவு, ஏறக்குறைய 37 மீட்டர் உயரத்தில், இன்றும் அங்கே நிற்கிறது. அவருடைய நீண்ட பாடலில் கோட்டையின் ஒவ்வொரு பல்லும் புத்தி சொல்கிறது, ஆறு அழுகிறது. திராட்சைக்குள் ஓடுவது அரசி ஷிரீனின் இரத்தம், உழவன் மது வைக்கும் சாடி பேரரசன் குஸ்ரு பர்வேஸின் உடல் மண். இதுவரை எல்லாப் புலவரும் சொல்லக்கூடியதே. என்னை நிறுத்தியது கடைசிப் பகுதி. மக்காவிலிருந்து திரும்புகிறவர் நபியின் சிற்றப்பா ஹம்ஸாவின் மண்ணில் உருட்டிய தஸ்பீஹ் மணி கொண்டுபோவார், நீ இங்கிருந்து சல்மானின் மண்ணில் உருட்டிய மணி கொண்டுபோ என்கிறார். நபித்தோழர் சல்மான் அடங்கிய ஊர் அது. பேரரசனின் மண் சாடியானது, பக்தனின் மண் இறைவன் பெயரை எண்ணும் மணியானது. இரண்டையும் உயிரோடிருக்கும் ஒரு கைதான் உருட்ட வேண்டும்.

டெல்லியில் நிஜாமுத்தீன் தர்காவுக்குள், அமீர் குஸ்ருவின் அடக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, 1681இல் இறந்த ஜஹானாரா பேகத்தின் கல்லறை இருக்கிறது. ஷாஜஹானின் மகள். சுற்றிலும் பளிங்குச் சாளரம், மேலே கூரை கிடையாது. கல்லறைப் பளிங்கின் நடுவைக் குடைந்து மண் நிரப்பி விட்டிருக்கிறார்கள், அதில் புல் முளைத்திருக்கும். பச்சையைத் தவிர வேறு போர்வை வேண்டாம் என்பதுதான் அங்குள்ள பாரசீகக் கல்வெட்டின் கருத்து. தாஜ்மகால் கட்டியவரின் மகள் தனக்கென்று கேட்டது நிஷாபூர் ஓடைக்கரைப் புல்லை. யாராவது தண்ணீர் ஊற்றினால்தான் வெயில் காலத்தில் அது நிற்கும்.

ரூமி இந்தக் கூட்டத்தில் வேறு தினுசு. 1273 டிசம்பர் 17இல் கோன்யாவில் அவர் இறந்த இரவைத் திருமண இரவு என்று இன்றுவரை கொண்டாடுகிறார்கள். சவ ஊர்வலத்தில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் தங்கள் வேதத்தை ஓதியபடி நடந்ததாக, ரூமியின் வரலாற்றை எழுதிய அஃப்லாகி சொல்கிறார். என் பாடையைப் பார்த்து அழாதே என்று பாடியவர் ரூமி. மண்ணில் விழுந்த எந்த விதை முளைக்காமல் போனது, கிணற்றுக்குள் இறங்கிய எந்த வாளி நிரம்பாமல் வந்தது என்று கேட்பார். அந்தப் பாடலின் துணிவு எனக்குப் பெரிது. சாகிறவருக்கு அது போதும் என்றும் நினைக்கிறேன். ஆனால் வாசலில் நிற்கிறவருக்கு? அழாதே என்ற சொல்லை, அப்பா போன வருடத்தில் என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது நான் எடுத்து வைத்துக்கொண்டது ஃபிர்தவ்சியை.

'ஷாநாமா'வில் குஸ்ரு பர்வேஸின் ஆட்சியைச் சொல்லிக்கொண்டு வரும்போது ஃபிர்தவ்சி கதையை நிறுத்திவிடுகிறார். எனக்கு வயது அறுபத்தைந்து, அவனுக்கு முப்பத்தேழு என்கிறார். மகன் இறந்துவிட்டான். ருஸ்தம் தெரியாமல் தன் மகன் சொஹ்ராபைக் கொன்றுவிட்டுக் கதறியதைப் பாடியவர், இப்போது தன் மகனுக்காகச் சில ஈரடிகளோடு நிற்கிறார். முறை என்னுடையது, நீ ஏன் முந்தினாய் என்று கேட்கிறார். அவன் எப்போதும் தன்னிடம் கடுமையாகவே நடந்தவன், கோபித்துக்கொண்டு ஒரேயடியாக முதுகைக் காட்டிவிட்டான் என்பதையும் மறைக்கவில்லை. இறந்தவனை நல்லவனாக்கிக் காட்டும் ஆசை எந்தத் தகப்பனுக்கும் வரும், அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அவன் வெளிச்சத்தைச் சேர்ந்துவிட்டான், அங்கே அப்பனுக்கு இடம் பார்த்து வைப்பான் என்ற நம்பிக்கையும் அதே மூச்சில் வருகிறது. நூல் நிறைவடைந்த 1010க்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மகனுக்கான ஈரடிகள் முடிந்ததும், தளபதி பஹ்ராம் சோபீன் சீனத்துக் ககானிடம் போய்ச் சேர்ந்த கதையை எடுத்துக்கொள்கிறார்.