பிசிர்

காசிமேட்டில் வலை பின்னும் ஒருவரின் முகத்தை ஓவியன் செப்புத் தகட்டில் வரைகிறான் என்று வைத்துக்கொள்வோம். எட்சிங் என்றால் ஊசி மெழுகுப் பூச்சை மட்டும் கீறும். உலோகத்தை அரிப்பது அமிலம். டிரைபாயிண்டில் கீறுவது முழுக்கக் கையின் பலம். கீறலின் ஓரத்தில் உலோகம் பிசிராக எழும்பி மையைப் பிடித்துக்கொள்ளும். கோட்டுக்கு அடர்ந்த கருமை தருவது அந்தப் பிசிர்தான். சில பிரதிகளிலேயே அது நசுங்கிவிடும்.

இந்தியாவில் இம்முறைக்கு முன்னோடி முகுல் டே (1895-1989). 1916ல் தாகூருடன் ஜப்பான், அமெரிக்கா சென்றவர். சிகாகோவில் எட்சிங் கற்றார். தாகூரைப் பதித்தார், காந்தியைப் பதித்தார், சந்தால் மக்களையும் பதித்தார். இங்கேதான் எனக்கு இடறுகிறது. பெயர் தெரிந்த முகம் உருவப்படமாகிறது. பெயர் தெரியாத முகமோ 'சந்தால்', 'மீனவன்', 'எண்ணூர்த் தொழிலாளி' என்று ஒரு வகையாகிவிடுகிறது. கீறியது ஒரே ஊசி, ஒரே கை. பின் இந்தப் பேதம் எங்கிருந்து வருகிறது?

தகட்டில் நேராக வரைந்தது அச்சில் இடம்வலம் மாறும். நாம் பார்த்துப் பழகிய முகம் அதில் இல்லை. அவர் தினமும் கண்ணாடியில் காணும் முகம் இருக்கிறது. அதைச் சரிபார்க்கத் தகுதி உள்ளவர் அவர் ஒருவரே. பிசிர் தேயாத முதல் பிரதி அவர் கைக்குப் போகட்டும். 'இது நான் இல்லையே' என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்ல அவருக்கு இடம் வைத்த படமே உருவப்படம். மற்றதெல்லாம் வகை.