பரணும் ரம்பமும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார்களைப் பற்றி யாரிடமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசவும் வராது. அப்படிப்பட்ட என்னைத்தான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகள் போர்ஷே தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு இதைப் பார்க்காமப் போனா ஊர்ல சிரிப்பாங்கப்பா" என்றாள். ஊரில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

எஸ் 6 ரயிலில் போய் இறங்கினால் நிலையத்தை ஒட்டியே அருங்காட்சியகம், பக்கத்தில் தொழிற்சாலை. ட்சுஃபன்ஹவுசன் என்ற அந்தப் பகுதி நகரத்துக்குள்ளேயே இருப்பதால் பக்கவாட்டில் விரிய இடமில்லை. மாடிமேல் மாடியாகத்தான் தொழிற்சாலை வளர்ந்திருக்கிறது. வெல்டிங் முடிந்த கார் கூடு, சாலைக்கு மேலே ஒரு மூடிய பாலத்தின் வழியாக எதிர்ப்பக்கம் போகிறது. கீழே நடந்து போகிறவர்களுக்கு அது தெரியாது.

படம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கையில் செல்போன் இல்லாததால் கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. பெரிய சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெரு மாவு மில்லில் இதைவிட அதிகச் சத்தம். கார்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மஞ்சள், அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது நான் பெயர் சொல்ல முடியாத ஒரு பச்சை. ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு பெயர் தெரியாத முதலாளி காத்திருக்கிறார்.

உதிரி பாகங்கள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு அங்கே சூப்பர்மார்க்கெட் என்று பெயர். அங்கிருந்து ஒரு காருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி ஒரு கூடையில் வைக்கிறார்கள். ஆளில்லாத வண்டி அந்தக் கூடையைச் சுமந்துகொண்டு காருடன் கூடவே வருகிறது. ஒரு காருக்கு ஒரு கூடை. கடைசியில் கூடையில் ஒரு திருகு மிஞ்சினால், அது மிச்சம் ஆகாது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

கூட்டமாக எல்லோரும் நின்று பார்த்த இடம் ஒன்று உண்டு. மேலிருந்து கார் கூடு இறங்க, கீழிருந்து எஞ்சினும் சக்கர அமைப்பும் ஏற, இரண்டும் சேர்கின்றன. ஜெர்மன்காரர்கள் இதைக் கல்யாணம் என்றே சொல்கிறார்கள். மேளம் இல்லை, தாமதம் இல்லை. இயந்திரங்கள் திருகுகளை முறுக்கியதும் முகூர்த்தம் முடிந்தது. வழிகாட்டி அந்த வார்த்தையைச் சொன்னபோது, முப்பத்தொரு வயது மகள் என் பக்கம் திரும்பாமல் வேறெங்கோ பார்த்தாள்.

நான் அதிக நேரம் நின்றது தோல் பட்டறையில். ஒரு பெண்மணி முழுத்தோலை மேசையில் விரித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். முள்வேலி கீறிய தழும்பு, பூச்சி கடித்த புள்ளி, எல்லாம் கைக்குத் தெரிகிறது. ஒரு இடத்தில் கை நின்றது. குனிந்து பார்த்து அங்கே ஒரு குறி போட்டார். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அங்கே எதுவும் தெரியவில்லை. இப்படித் தேறிய தோலில் இருக்கை தைக்கிறார்கள், சரி. ஃபியூஸ் பெட்டியின் மூடிக்கும் தோல் உறை உண்டாம், தனிக் காசு. ஏதாவது விளக்கு எரியாமல் போனால், சில வருடங்களுக்கு ஒருமுறை திறக்கும் மூடி!

இந்த நிறுவனம் ஒரு காலத்தில் மூழ்கப் பார்த்தது. 1986-இல் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 30,000 கார்கள் விற்றவர்கள், 1993-இல் 4,000-க்கும் கீழே இறங்கிவிட்டார்கள். வெண்டெலின் வீடெக்கிங் என்ற நாற்பது வயதுக்காரர் பொறுப்புக்கு வந்து, டொயோட்டாவில் வேலை பார்த்த ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்தார். வந்தவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அலமாரிகளையும், பாகம் எடுக்க ஏணியில் ஏறி இறங்கும் தொழிலாளிகளையும் பார்த்தார்கள். இது கிடங்கு மாதிரி இருக்கிறதே, தொழிற்சாலை எங்கே என்று கேட்டார்களாம். பிறகு வீடெக்கிங்கின் கையிலேயே ஒரு மின்ரம்பத்தைக் கொடுத்து, அலமாரிகளின் மேல்பாதியை அறுக்கச் சொன்னார்கள். தொழிலாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அறுத்தார். மேலாண்மை வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் கதை. மகள் அதை என் காதில் சொன்னாள்.

ஒரு எட்டு வீணாக நடப்பதைக்கூடப் பொறுக்காத இடத்திலிருந்துதான் தோல் போர்த்திய ஃபியூஸ் மூடி வருகிறது. ஆடம்பரம் செய்கிறவன் கஞ்சனாக இருக்க வேண்டியிருக்கிறது. அதை ரசித்தேன் என்பதைவிட, எனக்கு ஒரு பரண் நினைவு வந்தது.

மாயவரத்தில் அம்மாவின் வீட்டுப் பரண். அம்மா போன பிறகு ஏணி வைத்து ஏறினோம். மூன்று பித்தளை அண்டா, பெயர் பொறித்த பதினொரு எவர்சில்வர் தூக்கு, ஒரு மரத்தொட்டில், ஜமுக்காளங்கள், எண்ண முடியாத ஹார்லிக்ஸ் பாட்டில்கள். எதைக் கேட்டாலும் "இருக்கட்டும், ஒருநாள் ஆகும்" என்பது அம்மாவின் பதில். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இரண்டு பேர் வாழ்ந்த வீட்டில் இருபது பேருக்கான சாமான். ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் பழைய பாத்திரக்காரருக்கு எடைக்குப் போட்டேன். வீடெக்கிங்கைப் போலவே எனக்கும் தோள் லேசானது.

ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டு அக்கா வந்தார். "தம்பி, அந்தப் பெரிய அண்டா இருக்கா? வியாழக்கிழமை மருமகளுக்கு வளைகாப்பு." இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விசாரித்ததில், அந்தத் தெருவில் காதுகுத்து, சீமந்தம், கருமாதி எல்லாவற்றுக்கும் எங்கள் பரணிலிருந்துதான் அண்டா போயிருக்கிறது. தொட்டிலில் எத்தனை பிள்ளைகள் தூங்கியிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. சென்னையில் இருந்த எனக்கு இது தெரியாது. அது எங்கள் பரண் என்று நினைத்திருந்தேன்.

அதற்காக ரம்பம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த அலமாரிகளை அறுக்காமல் விட்டிருந்தால் தொழிற்சாலையே இன்று இருந்திருக்காதோ என்னவோ. ஆனால் 2022 மார்ச்சில், உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கிருந்து வரவேண்டிய வயரிங் ஹார்னஸ் வரவில்லை. இதே நிறுவனத்தின் லைப்சிக் தொழிற்சாலை சில நாள் நின்றுபோனது. கம்பிக் கற்றைகள்தான், ஆனால் அவை இல்லாமல் கார் இல்லை. செய்தியைப் படித்தபோது, அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன்.

மகள் வீட்டில் நான்கு தட்டு, நான்கு டம்ளர். நான் வந்து இறங்கிய அன்றுதான் நான்காவது தட்டு வாங்கினாளாம். அவளிடம் கேட்கவில்லை, ஐந்தாவது ஆள் வந்தால் என்ன செய்வாய் என்று.

வெளியே வரும் வழியில் வழிகாட்டியிடம், அந்த ரம்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று மகளைக் கேட்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"இங்கேதான், ஏதாவது ஓர் அலமாரியில் கிடக்கும்."