சித்தம் கலங்கியவரும் நம் கடமையும்

ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எதைக்கொண்டு முடிவு செய்கிறோம்? அவர் வாழும் வாழ்வை அறியாதவர் கையில் அளவுகோல் இருந்தால் என்ன நேரும்? அல்ஜீரியாவின் வரலாறு இதற்குப் பதில் சொல்லும்.

1830 முதல் 1962 வரை அந்நாடு பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தில் இருந்தது. அன்டோயின் போரோ என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், அந்நாட்டு முஸ்லிம்கள் பிறவியிலேயே அறிவு முதிராதவர்கள், மூர்க்கர்கள் என்று மருத்துவத்தின் பெயரால் எழுதினார்கள். நாட்டைப் பறிகொடுத்தவனின் கோபத்திற்குக்கூட மூளைக்கோளாறு என்று பெயர் சூட்ட இது வழி செய்தது.

1953ல் பிளிதா நகர மனநோய் மருத்துவமனைக்கு ஃபிரான்ஸ் ஃபனான் என்ற மருத்துவர் வந்தார். மார்டினிக் தீவில் பிறந்த கறுப்பர், முஸ்லிம் அல்லர். ஐரோப்பியப் பெண்கள் பகுதியில் அவர் நடத்திய விழாக்களும், திரைப்படங்களும், கைவேலைகளும் நல்ல பலன் தந்தன. அவற்றையே முஸ்லிம் ஆண்கள் பகுதியிலும் செய்து பார்த்தார். பலிக்கவில்லை. அவர் நோயாளிகளைக் குறை கூறவில்லை. தம் முறையையே ஐயுற்றார். அம்மக்களின் வாழ்க்கையைக் கேட்டறிந்தார். பிறகு அங்கே ஊர் வழக்கப்படி ஒரு காப்பிக்கடை வந்தது. பெருநாட்கள் கொண்டாடப்பட்டன. கதை சொல்பவர் வரவழைக்கப்பட்டார். நிலைமை மாறத் தொடங்கியது.

அப்படியானால் நம் வழக்கமெல்லாம் சரி, அந்நியர் மருத்துவமெல்லாம் தவறு என்று மார்தட்டலாமா? கூடாது. 2001 ஆகஸ்ட் 6ம் நாள் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியது எந்த வெள்ளைக்காரன்?

புத்தி பேதலித்தவர் தெளியும்வரை அவர் செயல்கள் குற்றமாக எழுதப்படுவதில்லை என்று மார்க்கம் சொல்கிறது. தொழுகையும் நோன்பும்கூட அவர்மீது கடமையில்லை. அல்லாஹ்வே கணக்குக் கேட்காத ஒருவரைக் கட்டிப்போட நமக்கு என்ன உரிமை? நோய்க்கு மருந்து தேடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்திருக்கவில்லையா? குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில், துஆவுக்கு வருவோரை முஜாவர்களே மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு நடந்தது. அதற்கு ‘தவா-துஆ’ என்று பெயர். மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆகவே, உங்கள் இல்லத்தில் ஒருவர் மனம் நொந்து ஒடுங்கினால் அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி மறைக்காதீர்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள். அவர் மொழியையும் ஈமானையும் மதித்துக் கேட்கும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதலில், அவர் சொல்வதை நீங்கள் கேளுங்கள்.

வல்ல நாயன் நோயுற்றோருக்கு ஷிபாவையும் நமக்குப் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன்.