தகுதி முந்தியதா, தஞ்சம் முந்தியதா?

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பது தமிழ் மக்களிடையே வழிவழியாக வழங்கிவரும் முதுமொழி. கொடுப்பவன் பொருளை வாரி இறைத்தல் கூடாது, பெறுபவனுடைய தகுதியை ஆராய்ந்தே அளித்தல் வேண்டும் என்பது அதற்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். நல்ல அறிவுரையே இது. ஆயினும் இதனுள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது. ஒருவன் தகுதியுடையவன் ஆவதற்கே அந்தக் கொடை இன்றியமையாததாயின் அப்போது என்செய்வது? குளிப்பதற்கு நீர் வேண்டி நிற்பவனை நோக்கி, 'முதலில் தூய்மையாகி வா, பின்னர் நீர் தருகிறோம்' என்று கூறுதல் முறையாகுமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. செல்வத்தில் சிறந்த அமெரிக்க ஐக்கிய நாட்டில், நகர ஆட்சியினர் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கும்போது எதிர்கொள்ளும் வினாவாக அது நிற்கிறது. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓர் இரவு எடுத்த கணக்கின்படி, அந்நாட்டில் வீடின்றி வாழ்வோர் 7,71,480 பேர். அவருள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நெடுங்காலமாக வீடற்றவர்கள். உடற்குறையோ, மனநோயோ, போதைப் பழக்கமோ உடையவராய், ஓராண்டோ அதற்கு மேலோ தெருவிலும் இரவுத் தங்கல் விடுதிகளிலும் கழித்தவர்களையே அரசு இவ்வகையினராகக் கொள்கிறது. வேலை இழந்து சில திங்கள் தவிப்பவனைக் கண்டு எவரும் இரங்குவர். குடித்துவிட்டு நடைபாதையில் விழுந்து கிடப்பவனிடத்தில்தான் இரக்கம் தயங்கி நிற்கிறது.

நெடுநாள் வழக்கில் இருந்தது படிக்கட்டு முறை. முதற்படி பொது விடுதி. குடியை விட்டால் அடுத்த படி. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் அதற்கும் அடுத்தது. எல்லாப் படிகளையும் கடந்தவனுக்கு முடிவில் வீடு. பார்வைக்கு நேர்மையாகத் தோன்றும் இம்முறையில், உச்சியை எட்டியவர்களைவிட இடையில் சறுக்கி விழுந்தவர்கள் பலர். 1992இல் நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றினார். முதலில் வீட்டின் திறவுகோலைக் கொடுப்பது, மருத்துவம், ஆலோசனை முதலிய உதவிகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்ப்பது, அவற்றை ஏற்பதை வீட்டுக்கு நிபந்தனை ஆக்காமல் விடுவது என்பனவே அவருடைய முறை. ஆதரவுடன் கூடிய இத்தகைய குடியிருப்பு, பின்னர்ப் பல நகரங்களிலும் பரவியது.

அந்நகரங்களுள் கொலராடோ மாநிலத்தின் தலைநகராகிய டென்வர் சிறப்பாகக் கருதத்தக்கது. மலையடிவாரத்தில் அமைந்த அந்நகரில் குளிர்காலத்தில் பனி பொழியும். ஆயினும் உடுத்த உடையன்றிப் போர்வையோ கூடாரமோ கொண்டு பொதுவிடத்தில் தங்குவதை 2012ஆம் ஆண்டு நகரச் சட்டமொன்று தடை செய்தது. தெருவில் வாழ்பவன் உறங்குவதும் குடிப்பதும் தெருவிலேதான். வீட்டினுள் செய்தால் எவரும் வினவாத செயல், வெளியில் செய்தால் வழக்காகிறது. நீதிமன்ற அழைப்பு வந்து சேர அவனுக்கு முகவரி இல்லை. அழைப்புக்கு வராதது மற்றொரு குற்றமாகிறது. மீண்டும் கைது, மீண்டும் சிறை, மீண்டும் தெரு. இவ்வாறு சுழல்வோருள் 250 பேருக்காகச் சிறை, மருத்துவமனை, குடிமயக்கம் தெளிவிக்கும் நிலையம் ஆகியவற்றில் ஆண்டுக்கு 70 இலட்சம் டாலருக்கு மேல் செலவாவதாக நகர ஆட்சியினர் கணக்கிட்டனர். 'அவர்களுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டா' என்று எண்ணியிருந்த நகரம், உண்மையில் பெருந்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுத்தும் பயன் விளையவில்லை.

ஆகவே 2016இல் அந்நகரம் ஒரு திட்டம் வகுத்தது. முதலீட்டாளர்கள் எண்மர் 86 இலட்சம் டாலர் முன்பணம் தந்தனர். பயன் விளையும் அளவிற்கேற்ப நகரம் அதனைத் திருப்பித் தருவதென உடன்படிக்கை ஆயிற்று. மூன்றாண்டுகளில் எட்டு முறையேனும் கைதானோர்க்கென ஏற்பட்டது இத்திட்டம். வீடுகளோ போதா. எனவே 724 பேரை இரு பகுதியாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். 363 பேர் வீட்டுக்கு உரியவராயினர். ஏனைய 361 பேர் வழக்கமான உதவிகளோடு நின்றனர்.

மூன்றாண்டு கடந்தபின் கண்டது யாது? வீடு புகுந்தோருள் 77 விழுக்காட்டினர் நிலையாகக் குடியிருந்தனர். குலுக்கலில் விடுபட்டோரோடு ஒப்பிடுகையில், வீட்டுக்கு உரியவராயினாரிடையே கைதுகள் 40 விழுக்காடும், சிறையிற் கழிந்த நாட்கள் 27 விழுக்காடும் குறைந்திருந்தன.

இந்த எண்களுக்குள் ஓர் அறவுண்மை பொதிந்திருக்கிறது. இரு பகுதியினரையும் பிரித்தது நற்குணமன்று, முயற்சியுமன்று. குலுக்கற்சீட்டே பிரித்தது. ஒரே இயல்பினர், ஒரே பழக்கத்தினர். ஒரு பகுதியினர் குற்றத்தில் குறைந்தனர், மற்றவர் பழைய சுழலிலேயே நின்றனர். எனின், 'இவன் திருந்தாதவன்' என்று உலகம் எதனைச் சொன்னதோ, அதில் ஒரு கூறு அவனுடைய குணமன்று, அவன் படுத்திருந்த இடமே அது என்று ஆகிறதன்றோ? இடத்தின் குறையை மனிதன்மேல் ஏற்றி, அக்குறையையே காரணம் காட்டி இடத்தை மறுப்பது நீதியாகாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை எளிதில் தள்ளுதல் தகாது. நாள்தோறும் இரண்டு வேலை செய்து, வாடகை கட்ட இயலாமல் திணறும் தொழிலாளி கேட்கிறான்: 'ஒழுங்காக வாழ்ந்த எனக்கு இல்லாத உதவி, குடிகாரனுக்கு எதற்கு?' இக்கேள்வியில் பொறாமை இல்லை, நியாயமே உண்டு. இத்தகைய வீடுகளில் குடியிருப்போரும் பொதுவாகத் தம் வருவாயில் ஏறத்தாழ 30 விழுக்காடு வாடகையாகச் செலுத்துகின்றனர் என்று கூறுவது அவனுக்கு ஒரு பகுதி விடையே ஆகும். முழு விடையாவது, அவனுக்கும் நகரம் கடன்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுதல். ஒருவனுக்குச் செய்யத் தவறிய கடமை, மற்றொருவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்கக் காரணமாகாது.

'வீடு கொடுத்தால் நோயும் பழக்கமும் நீங்குமா?' என்பது அடுத்த மறுப்பு. உறுதியாக நீங்கும் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். 2018இல் அமெரிக்க அறிஞர் பேரவை வெளியிட்ட ஆய்வு, இக்குடியிருப்புகளால் வீடின்மை குறைகிறது என ஏற்றதேனும், உடல்நலம் பெருகுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே உரைத்தது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, வீட்டை முதலில் தரும் கொள்கைக்கு நடுவணரசின் ஆதரவை நிறுத்தப் பணித்தது. சிகிச்சையையும் தன்பொறுப்பையும் அக்கொள்கை வளர்க்கவில்லை என்பது அவ்வாணையின் கருத்து. சிகிச்சை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்தை வைக்க ஓர் அலமாரியும், அச்சமின்றி உறங்க ஓர் இரவும், மருத்துவர் தேடி வர ஒரு கதவெண்ணும் இல்லாதவனிடம் சிகிச்சையை எங்கே தொடங்குவது? வீடு மருந்தன்று. மருந்து தங்குதற்குரிய இடம் அது.

செலவு மிச்சமாகும் என்று கூறி இத்திட்டத்தை ஆதரிப்போரும் ஓர் உண்மையை ஏற்றல் வேண்டும். டென்வர் நகரில் சிறையிலும் மருத்துவத்திலும் மிஞ்சிய தொகை, குடியிருப்புக்கான செலவில் ஏறத்தாழப் பாதியையே ஈடுசெய்தது. மறுபாதி நகர மக்கள் கையிலிருந்தே வரவேண்டும். இங்குதான் கணக்கர் எழுதுகோலைக் கீழே வைக்கிறார். அறத்தின் வேலை தொடங்குகிறது. இலாபம் தரும் மட்டும் செய்வது வணிகம். கணக்கு நின்றுவிட்ட இடத்திற்கு அப்பாலும் செய்வதற்கே கடமை என்று பெயர்.

அவ்வாறாயின் அம்முதுமொழி பொய்த்ததோ? இல்லை. அதன் பொருளே ஆழமாகிறது. பாத்திரமறிதல் என்பது பெறுபவனுடைய குற்றங்களை எண்ணிப் பார்ப்பதோடு முடிவதன்று. அவனுக்கு இல்லாதது எது, எதனைக் கொடுத்தால் அவனால் பிறவற்றையும் ஏற்க இயலும் என்று அறிதலே மெய்யான பாத்திரமறிதல். கொடுப்பவனுடைய தகுதியும் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. பூட்டிய வீட்டினுள் இரவில் துயில்கொள்வோர், தம் தகுதி நிறுவியபின்தான் அக்கூரையைப் பெற்றனரா என்று தம்மைத்தாமே ஒருமுறை வினவிக்கொள்வாராயின், அவ்வினாவிற்கு உள்ளம் கூறும் விடையே போதுமானது. குழந்தையாய்க் கிடந்த நாளில் எவரும் தகுதி கேட்டு ஒருவரைத் தொட்டிலில் இட்டதில்லை. முதலில் தஞ்சம் கிடைத்தது. தகுதி பின்னர் வளர்ந்தது. இதனைச் சான்றோர் சிந்திப்பாராக.