பயணப் பெட்டியில் என்ன வந்தது?

செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கரும்பலகையில் இப்படி எழுதிப் போடலாம்: மொகலாயர் முற்றுகை 1690 முதல் 1698 வரை, பிரெஞ்சுக்காரர் பிடித்தது 1750, ஆங்கிலேயர் வசமானது 1761. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துபோவார்கள்.

அதே ஆண்டுகளை இப்படியும் வைக்கலாம்: “மொகலாயப் படைக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டு பிடிகொடுக்காத கோட்டை, தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படைக்கு ஒரே இரவில் விழுந்தது. எப்படி?”

இப்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். உள்ளே நெல் இருந்ததா என்று ஒருத்தி கேட்பாள். அன்று காவல் தளர்ந்திருந்ததோ என்பான் இன்னொருவன். விடை தேடிப் போக, கோட்டை அமைந்த ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகள் மூன்றும் செஞ்சி ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. சொன்ன செய்தி பழையதுதான். கேட்ட விதம் புதிது. ஆக்கச் சிந்தனை அங்கேதான் பிறக்கிறது.

இப்படிப் புதிதாகக் கற்பிக்கும் விதங்களை வெளிநாட்டுப் பயணங்களும் தரலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை, ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்றவர்களில் 50-க்கும் மேற்பட்டோரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்திலும் இந்தியப் பள்ளி ஆசிரியர்கள் ஆறு வாரம் அங்கே தங்கிப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நம் ஆசிரியர்களுக்கு உலகம் திறப்பது மகிழ்ச்சிக்குரியது. திரும்பி வரும்போது அவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் அந்தப் பயணத்தின் பலன் இருக்கிறது.

அங்குள்ள கட்டடத்தையும் கருவிகளையும் நம் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் பாரிஸ் அருங்காட்சியகங்களில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, எதிரே இருப்பதைப் பார்த்துப் பார்த்து வரைகிறார்களே, அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரலாம். அதற்குத் தாளும் பென்சிலும் ஒரு காலை நேரமும் போதும். செஞ்சிக் கோட்டையில் உள்ள கல்யாண மகாலின் முன் நம் பிள்ளைகளும் உட்காரட்டும். அங்குள்ள களஞ்சியத்தின் நீள, அகல, உயரத்தை அளந்து, எவ்வளவு நெல் கொள்ளும், அது எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போடட்டும். மலைமேல் இருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது என்று தேடட்டும். வரலாறும் கணக்கும் அறிவியலும் ஒரே படிக்கட்டில் ஏறும்.

அயலூரில் பார்த்ததை அப்படியே செய்து காட்டுவது நகல். தன் ஊர் மண்ணுக்கு ஏற்ப மாற்றி நடுவதே படைப்பு. நாற்று எங்கிருந்து வந்தாலும், அது வேர் பிடிக்க வேண்டியது நம் வயலில்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. உலகம் இனி இங்கே பார்க்க வரும். அதற்கு முன் நம் பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும்.

ஆசிரியரே, இன்று ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விடையாக எழுதியிருக்கும் ஒரு வரியைக் கேள்வியாக மாற்றி, பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.